பெட்டி கேஸிலிருந்து ஐ.நா. பரிந்துரை வரை: பெங்களூர் பாலியல் தொழிலாளர் குழுக்களுக்கு முழு வழிகாட்டி

மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தின் ஓரத்தில் நின்ற பெண்மீது 8ஆம் பிரிவில் கேஸ் போடுகிறார்கள். அந்தப் பிரிவு இருக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின் (ஐ.டி.பி.ஏ.) தலைப்பு வரியை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. 1950 மே 9 அன்று நியூயார்க்கில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காகவே இந்தச் சட்டம் என்று அந்த வரி சொல்கிறது. ஆக, கலாசிபாளையத்து நடைபாதையில் நடக்கும் ரெய்டுக்கு வேர் அங்கே இருக்கிறது. 'நம்ம ஏரியா பிரச்சினைக்கு ஐ.நா. எதற்கு?' என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் இதையே பதிலாகச் சொல்லலாம்.

கே.ஆர். மார்க்கெட், மெஜஸ்டிக், சிவாஜிநகர், யஷ்வந்த்பூர் பகுதிகளில் வேலை செய்யும் பெண்கள், திருநங்கைகளின் குழுக்களுக்கும், அவர்களோடு நிற்கும் தமிழ் பேசும் களப்பணியாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இந்த வழிகாட்டி. முதல் முறை செய்பவர்கள் குறைந்தது பதினான்கு மாதம் ஒதுக்க வேண்டும். அதில் எழுத்து வேலை இரண்டு மாதம். மிச்சம் ஆவணம் சேர்ப்பதிலும், தூதரக வாசல்களில் காத்திருப்பதிலும் போகும்.

எந்தக் கதவு திறந்திருக்கிறது?

பூட்டிய கதவுகளை முதலில் தெரிந்துகொள்வது நல்லது, அலைச்சல் மிச்சமாகும். பெண்களுக்கு எதிரான அனைத்துப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கை, சுருக்கமாக சீடா, 1979இல் வந்தது. இந்தியா அதை 1993இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் தனிநபர் புகார் கொடுக்க வழிசெய்யும் அதன் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையிலும் 1979 முதல் இந்தியா உறுப்பு நாடு, அங்கும் தனிநபர் புகாருக்கான நெறிமுறையில் இல்லை. ஆகவே 'என் கேஸை சீடா கமிட்டிக்குக் கொண்டுபோறேன்' என்று யாராவது வாக்குக் கொடுத்தால், அவர் தெரியாமல் சொல்கிறார் அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார்.

திறந்திருப்பவை மூன்று. ஒன்று, இந்தியா அறிக்கை கொடுக்கும்போது, அந்தந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் கமிட்டிக்கு அரசு அறிக்கைக்கு மாற்றாக நாம் கொடுக்கும் நிழல் அறிக்கை. சீடா கமிட்டி 2014 ஜூலையில் இந்தியாவை மீளாய்வு செய்தது. குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கைக்கான மனித உரிமைக் கமிட்டி 1997க்குப் பிறகு 2024 ஜூலையில்தான் செய்தது. இப்படி இடைவெளி நீளும் என்பதால் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. இரண்டு, எல்லா நாடுகளும் ஒன்றையொன்று கேள்வி கேட்கும் உலகளாவிய காலமுறை மீளாய்வு, பேச்சுவழக்கில் யு.பி.ஆர். இந்தியாவின் முறை 2008, 2012, 2017, 2022 என்று வந்துபோயிருக்கிறது. மூன்று, ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்களும் பணிக்குழுக்களும், அதாவது ஒவ்வொரு உரிமையையும் கண்காணிக்க நியமிக்கப்படும் நிபுணர்கள். இவர்களுக்கு எந்த நாளும் எழுதலாம்.

முதல் முறை இறங்கும் குழு யு.பி.ஆர். கூட்டறிக்கை ஒன்றில் சேர்ந்துகொள்வதே நல்லது. ஆழமான விவாதம் நடக்கும் இடம் சீடா. ஒருவரை இப்போதே காப்பாற்ற வேண்டுமென்றால் சிறப்பு அறிக்கையாளருக்கு எழுத வேண்டும். இவற்றில் எதற்கும் ஐ.நா.வின் ஆலோசனைத் தகுதி தேவையில்லை. மனித உரிமைகள் பேரவைக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேச மட்டும்தான் அந்தத் தகுதி வேண்டும். அது இல்லாதவர்கள் தகுதி பெற்ற ஒரு அமைப்பின் நேரத்தில் பேசலாம்.

சொல்லைச் சரிசெய்யுங்கள்

இந்த வேலையில் பாதித் தோல்வி சொல்லில்தான் தொடங்குகிறது. பெங்களூரில் எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில் 'வேஷ்யாவாட்டிகெ' என்று எழுதப்படும். அரசுத் திட்டங்களில் 'தமனித மஹிளெயரு', அதாவது ஒடுக்கப்பட்ட பெண்கள் என்று இருக்கும். தமிழ்ப் பத்திரிகை 'விபச்சார அழகிகள் மீட்பு' என்று போடும். அக்காக்கள் தங்களுக்குள் பேசும்போது 'தொழில்' என்றுதான் சொல்வார்கள். இந்த நாலும் ஆங்கில அறிக்கையில் போய்ச் சேரும்போது மொழிபெயர்ப்பாளர் தன் விருப்பத்துக்கு ஒன்றைப் போட்டுவிடுவார். அதனால் வேலை தொடங்கும் நாளிலேயே ஒரு பக்கச் சொற்பட்டியல் தயாரியுங்கள்: தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். 'பாலியல் தொழிலாளி' என்ற சொல்லுக்கு யாராவது முகம் சுளித்தால், 2023இல் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட பாலினச் சொல் கையேடு முதலில் இந்த மாற்றத்தைத்தான் பரிந்துரைத்தது என்று காட்டலாம், ஆனால் அதே ஆண்டு நீதிமன்றம் அந்தச் சொல்லை மாற்றிவிட்டது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

இரண்டாவது குழப்பம் கோரிக்கையில் வருவது. 'தொழிலைச் சட்டபூர்வமாக்கு' என்பதும் 'குற்றநீக்கம் செய்' என்பதும் வேறு வேறு. சட்டபூர்வமாக்கினால் அரசு உரிமம் கொடுக்கும், இடம் ஒதுக்கும், கட்டாயப் பரிசோதனை வைக்கும். உரிமம் இல்லாதவர் மறுபடி குற்றவாளி ஆவார். குற்றநீக்கம் என்றால் வயதுவந்தவர் தன் சம்மதத்தோடு செய்வதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிடுவது. நியூசிலாந்து 2003இல் போன பாதை ஏறக்குறைய அது. எது வேண்டும் என்று உங்கள் குழுவுக்குள்ளேயே பேசி முடிவெடுத்துவிட்டு எழுத உட்காருங்கள். அறிக்கையில் ஒன்றும் மேடையில் இன்னொன்றும் சொன்னால் அரசுத் தரப்பு சும்மா விடாது.

மூன்றாவது, பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களும், கட்டாயத்தாலும் ஏமாற்றாலும் கொண்டுவரப்பட்டவர்களும் இந்தக் கோரிக்கைக்குள் வரமாட்டார்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால், கேட்கப்படும் முதல் மூன்று கேள்விகளும் இதைப் பற்றியே இருக்கும், உங்கள் நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

ஆவணம்: ஐம்பது சம்பவம் போதும்

ஐந்நூறு அரைகுறைக் கதைகளைவிட ஐம்பது சரிபார்த்த சம்பவங்கள் அதிக வேலை செய்யும். கமிட்டி உறுப்பினர் உங்கள் அறிக்கைக்கு ஒதுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அதற்குள் அவர் நம்ப வேண்டும்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரே மாதிரித் தாள் வையுங்கள். தேதி, நேரம், இடம். இடம் என்றால் 'மெஜஸ்டிக்' என்று மட்டும் போட்டால் போதாது, எந்தப் பிளாட்பாரம், எந்த லாட்ஜுக்கு எதிரில் என்று இருக்க வேண்டும். வந்த அதிகாரியின் பதவி என்ன என்பது மிக முக்கியம். இந்தச் சட்டப்படி சோதனை போடும் சிறப்புக் காவல் அதிகாரி இன்ஸ்பெக்டர் பதவிக்குக் கீழே இருக்கக் கூடாது. 15ஆம் பிரிவின்படி குறைந்தது இரண்டு பெண் போலீஸ் உடன் வர வேண்டும். உள்ளூர் சாட்சிகள் இருவர் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்வதற்கு 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் கட்டுப்பாடு இருக்கிறது. இவற்றில் எது மீறப்பட்டது என்று தாளிலேயே டிக் அடிக்க இடம் விட்டால், பிறகு கூட்டிக் கணக்குச் சொல்வது சுலபம்.

தொடர்ந்து: எஃப்.ஐ.ஆர். போட்டார்களா, அல்லது 'பெட்டி கேஸ்', அதாவது சில்லறைக் குற்றம், என்று சொல்லி அபராதம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்களா, ரசீது உண்டா, ஆணுறையைப் பிடுங்கினார்களா, போனை வாங்கிப் பார்த்தார்களா, எத்தனை மணி நேரம் உட்காரவைத்தார்கள், ஹோமுக்கு, அதாவது காப்பகத்துக்கு, அனுப்பினார்களா, எத்தனை நாள், ரத்தப் பரிசோதனைக்கு முன் கேட்டார்களா. பெங்களூரில் தமிழ்ப் பெண்களுக்கு இன்னொரு கேள்வியும் சேர்க்க வேண்டும்: வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டது, கையெழுத்துக்கு முன் யார் படித்துக் காட்டினார்கள்? வேலூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்த அக்கா கன்னட எழுத்துக்கு அடியில் கைநாட்டு வைப்பது இங்கே நடக்கக்கூடிய விஷயம். மொழி காரணமான இந்தப் பாகுபாட்டை, ஐ.நா. மனித உரிமைக் கூட்டங்கள் நடக்கும் ஜெனீவாவில் நீங்கள் எழுப்பலாம்.

ஒப்புதலை மூன்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். நம் கோப்பில் வைக்கலாமா? பெயர் இல்லாமல் அறிக்கையில் போடலாமா? பெயரோடு ஐ.நா.வுக்கு அனுப்பலாமா? முதலுக்குச் 'சரி' என்றவர் மூன்றாவதுக்கு 'வேண்டாம்' என்பது சகஜம். பெயரும் சம்பவமும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. தாளில் எண் மட்டும், பெயர்ப்பட்டியல் வேறொருவரிடம். புகைப்படம் வேண்டவே வேண்டாம். முகத்தை மங்கலாக்கினாலும் புடவையையும் சுவரையும் வைத்து ஏரியாக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதோடு அரசின் சொந்த எண்களும் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, மூன்று ஆண்டுகளில் 8ஆம் பிரிவின் கீழ் பதிவான வழக்குகள், அதில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை, தண்டனை எத்தனை என்று கேளுங்கள். கர்நாடக விதிப்படி மனு 150 சொல்லைத் தாண்டக் கூடாது, ஒரு மனுவில் ஒரு பொருள்தான் கேட்கலாம். இது தெரியாமல் இரண்டு பக்கம் எழுதிப்போட்டால் திருப்பி அனுப்பிவிட்டு, நியாயமாகவே, விதியைக் காட்டுவார்கள். ஹோம் பற்றித் தனி மனு, அபராதம் பற்றித் தனி மனு. மாநிலத்தில் பாலியல் தொழிலாளர் நிலை பற்றி ஜெயமாலா தலைமையிலான குழு 2017இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. அதன்மேல் என்ன செய்தீர்கள் என்பதற்கும் ஒரு மனு. அரசே நியமித்த குழுவின் வார்த்தையை மேற்கோள் காட்டினால் டெல்லியிலிருந்து வரும் அதிகாரிகள் அதை மறுப்பது கடினம்.

சட்டத்திலேயே இருக்கும் பாகுபாடு

இந்தப் பகுதியை அறிக்கையின் நடுவில் நன்றாக நிறுத்துங்கள். 'போலீஸ் மோசம்' என்றால், 'தனிப்பட்ட அத்துமீறல், விசாரிக்கிறோம்' என்று பதில் வரும். சட்டத்தின் வாசகத்தைக் காட்டினால் அப்படித் தப்ப முடியாது.

8ஆம் பிரிவு பொது இடத்தில் அழைப்பதைக் குற்றமாக்குகிறது. முதல் முறை பிடிபட்ட பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம் வரைதான். 10ஏ பிரிவு இன்னும் வெளிப்படை: 7 அல்லது 8ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்ட பெண்ணை, சிறைக்குப் பதிலாக இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சீர்திருத்த நிலையத்தில் அடைக்கலாம். ஆறு மாதக் குற்றத்துக்கு ஐந்து ஆண்டு அடைப்பு, அதுவும் பெண்ணுக்கு மட்டும். பெண்களைப் பாகுபடுத்தும் தண்டனைப் பிரிவுகளை நீக்க வேண்டும் என்று சீடாவின் 2ஆம் கூறு, 'ஜி' பிரிவு, நேரடியாகவே சொல்கிறது. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வைத்துவிட்டால் வாதம் தானாக நிற்கும்.

4ஆம் பிரிவையும் விடாதீர்கள். பாலியல் தொழில் வருமானத்தில் வாழும், பதினெட்டைத் தாண்டிய எவரும் குற்றவாளி. அம்மா சம்பாதித்துப் படிக்கவைக்கும் மகன் பிறந்தநாளுக்கு மறுநாள் இந்த வலைக்குள் வருகிறான். படுத்திருக்கும் பாட்டியும் வருவார். 7ஆம் பிரிவு கோவில், பள்ளி, விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் தடை செய்கிறது. சிக்பேட்டையிலோ சிவாஜிநகரிலோ இவை எதிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி ஒரு இடத்தை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். அந்த வரைபடத்தையே அறிக்கையில் இணைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 2022 மே 19 உச்ச நீதிமன்ற உத்தரவைப் பலரும் தவறாக மேற்கோள் காட்டுகிறார்கள். புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் நீதிமன்றம் நியமித்த குழு கொடுத்த பத்துப் பரிந்துரைகளில் சிலவற்றுக்கு ஒன்றிய அரசு ஆட்சேபம் சொன்னது. ஆட்சேபம் இல்லாத ஆறை மட்டும் மாநிலங்கள் கண்டிப்பாகப் பின்பற்றும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆணுறையைக் குற்றச் சாட்சியமாக்கக் கூடாது, போலீஸுக்கு உணர்வூட்டும் பயிற்சி வேண்டும், ஹோம்களை ஆய்வு செய்து விருப்பத்துக்கு மாறாக அடைக்கப்பட்ட வயதுவந்த பெண்களை விடுவிக்க வேண்டும் என்பவை அந்த ஆறில் உண்டு. 'ரெய்டில் தொழிலாளியைக் கைது செய்யக் கூடாது' என்பது அந்த ஆறில் இல்லை. செய்தித்தாள்கள் அப்படி எழுதியதை நம்பி அறிக்கையில் போட்டால், அரசு வழக்கறிஞர் ஒரே வரியில் உங்கள் நம்பகத்தன்மையை உடைத்துவிடுவார். உள்ளதைச் சொல்வதே பலம்: உத்தரவிட்ட ஆறும் பெங்களூர் ஸ்டேஷன்களில் நடக்கிறதா என்று உங்கள் ஐம்பது தாள்களை வைத்துக் காட்டுங்கள்.

பரிந்துரை எழுதும் கலை

பெரும்பாலான அறிக்கைகள் இங்கேதான் வீணாகின்றன. 'பாலியல் தொழிலாளர் கண்ணியம் காக்கப்பட வேண்டும்' என்று எழுதினால் இந்தியா அதை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும், ஒன்றும் மாறாது. அதைவிட: 'பாலினத்தின்படி வெவ்வேறு தண்டனை விதிக்கும் 8ஆம் பிரிவையும், பெண்களை மட்டும் அடைக்கும் 10ஏ பிரிவையும் நீக்குக, அதுவரை இப்பிரிவுகளின் கீழ் அடைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுக.' இதில் யார், எதை, எப்படிச் சரிபார்ப்பது என்பது இருக்கிறது.

இன்னொரு சிக்கல் கூட்டாட்சி. இந்தச் சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றம். போலீஸ் மாநிலத்தின் கையில். பரிந்துரை ஒன்றிய அரசை மட்டும் குறிவைத்தால் 'அது மாநிலப் பொருள்' என்பார்கள். மாநிலத்தைக் குறிவைத்தால் 'சட்டம் டெல்லியுடையது' என்பார்கள். எனவே இரண்டாகப் பிரியுங்கள்: சட்டத் திருத்தம் ஒன்றியத்துக்கு, டி.ஜி.பி. சுற்றறிக்கை மாநிலங்களுக்கு. மொத்தம் நாலு பரிந்துரைக்கு மேல் வேண்டாம்.

யு.பி.ஆர். வழி

ஒரு அமைப்பு தனியாகக் கொடுத்தால் 2,815 சொல், கூட்டாகக் கொடுத்தால் 5,630 சொல். ஒரு சொல் கூடினாலும் ஏற்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடிக்குறிப்பும் இணைப்பும் கணக்கில் வராது. வேர்டு கோப்பாக, இணையப் பதிவு முறை வழியாக அனுப்ப வேண்டும். தமிழும் கன்னடமும் ஏற்கப்படாது. கடைசித் தேதி மீளாய்வுக்கு அரை ஆண்டுக்கும் முன்னாலேயே வந்துவிடும். 2022 நவம்பர் மீளாய்வுக்கு மார்ச் மாதத்தோடு கதவு மூடிவிட்டது. மீளாய்வு நெருங்கும்போது அறிக்கை எழுதத் தொடங்குவதுதான் மிகப் பொதுவான தவறு.

அனுப்பியதோடு வேலை முடியாது, அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் அறிக்கையை ஐ.நா. அலுவலகம் மற்ற எல்லாருடையதோடும் சேர்த்துப் பத்துப் பக்கமாகச் சுருக்கும். அதில் பாலியல் தொழிலாளருக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பரிந்துரை செய்வது நாடுகள்தான், அவற்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் வரி வர வேண்டுமானால் ஒரு தூதரக அதிகாரி அதைத் தன் தலைநகருக்கு எழுத வேண்டும். பெங்களூரில் துணைத் தூதரகங்கள் இருந்தாலும் மனித உரிமைப் பொறுப்பு பெரும்பாலும் டெல்லி சாணக்யபுரியில் இருப்பவர்களிடம்தான். மீளாய்வுக்கு மூன்று நான்கு மாதம் முன்பு எட்டு முதல் பத்துத் தூதரகங்களைச் சந்தியுங்கள். ஒருவருக்கு ஒரு பக்கம், ஒரே ஒரு பரிந்துரை. எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுத்தால் எல்லாரும் 'பெண்கள் பாதுகாப்பு' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

சின்ன நாடுகளை ஒதுக்காதீர்கள். அமெரிக்காவின் முதல் மீளாய்வில் பாலியல் தொழிலாளர் வன்முறைக்கு ஆளாகும் நிலையைக் கருத்தில் கொள்ளச் சொன்னது உருகுவே. அமெரிக்கா 2011இல் அதை ஏற்றுக்கொண்டது. இந்தியாவுக்கு 2022இல் 339 பரிந்துரைகள் வந்தன, ஏற்றது 221. ஏற்காதவையும் 'குறித்துக்கொள்ளப்பட்டன' என்று பதிவில் நிற்கும்.

சீடா வழி

இங்கே தனி அமைப்புக்கு 3,300 சொல், கூட்டணிக்கு 6,600. இரண்டு கட்டம் உண்டு: முதலில் கமிட்டி இந்தியாவிடம் கேட்கும் கேள்விப்பட்டியல், பிறகு நேரடி மீளாய்வு. முதல் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேள்விப்பட்டியலில் 10ஏ பிரிவு ஏறிவிட்டால் அரசு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதிலை மறுப்பது உங்களுக்கு எளிது. இரண்டாவது அறிக்கை வழக்கமாக அமர்வுக்கு மூன்று வாரம் முன்பு போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு அமர்வின் அறிவிப்பிலும் தேதியைச் சரிபாருங்கள்.

கமிட்டியில் 23 உறுப்பினர்கள். கூறுகளை அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள், 6ஆம் கூறை யார் கேட்கப்போகிறார் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அந்தக் கூறு 'விபச்சாரத்தில் சுரண்டலை' ஒடுக்கச் சொல்கிறது, விபச்சாரத்தையே ஒடுக்கச் சொல்லவில்லை. அப்படிச் சேர்க்க மொராக்கோ கொண்டுவந்த திருத்தம் வரைவின்போது ஏற்கப்படவில்லை. கமிட்டி எல்லா நாடுகளுக்கும் சேர்த்து எழுதும் பொதுப் பரிந்துரைகளில் 1992இன் 19ஆவது, சட்டவிரோதமாக இருக்கக்கூடிய நிலை இப்பெண்களை ஓரங்கட்டுவதால் அவர்கள் வன்முறைக்கு எளிதில் ஆளாகிறார்கள் என்கிறது. 2017இன் 35ஆம் பொதுப் பரிந்துரை, இப்பெண்களைக் குற்றவாளியாக்கும் சட்டங்களை நீக்க வேண்டியவற்றோடு சேர்க்கிறது. கமிட்டியிடம் அதன் சொந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வதைப்போல் பலன் தருவது வேறில்லை.

சிறப்பு அறிக்கையாளருக்குக் கடிதம்

ஹோமில் ஒருவரை விடாமல் வைத்திருக்கிறார்கள், அல்லது புகார் கொடுத்தவரை மிரட்டுகிறார்கள் என்றால் இதுதான் வழி. இணையப் படிவத்தில் யாருக்கு, எப்போது, எங்கே, யாரால் என்பதை நிரப்பி அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் ஒப்புதல் கட்டாயம். தகவல் கொடுத்த அமைப்பின் பெயர் வெளியே வராது, ஆனால் பாதிக்கப்பட்டவரின் பெயர் இந்திய அரசுக்குப் போகும் கடிதத்தில் பொதுவாக இருக்கும். விசாரிக்க அவர்களுக்குப் பெயர் வேண்டும் அல்லவா. இதை அந்த அக்காவிடம் தமிழில், இரண்டு முறை, சொல்லியிருக்க வேண்டும். அரசு பதில் சொல்ல வழக்கமான காலம் 60 நாள், அதன்பின் கடிதம் இணையத்தில் வெளியாகும். வேண்டுமானால் பொதுவெளியில் பெயரை மறைக்கக் கேட்கலாம்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதில் கவனம் தேவை, இந்த நிபுணர்கள் எல்லாரும் ஒரே பக்கம் இல்லை. சுகாதார உரிமைக்கான அறிக்கையாளராக இருந்த இந்திய வழக்கறிஞர் ஆனந்த் குரோவர் 2010 அறிக்கையில் குற்றநீக்கத்தை ஆதரித்தார். பெண்கள், சிறுமிகளுக்கு எதிரான பாகுபாடு பற்றிய பணிக்குழு 2023இல் பாலியல் தொழிலாளர் உரிமைக்கென்றே வழிகாட்டு ஆவணம் வெளியிட்டது. ஆனால் பெண்களுக்கு எதிரான வன்முறைக்கான அறிக்கையாளர் ரீம் அல்சலேம் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை வாங்குபவரைத் தண்டிக்கும் சுவீடன் பாணியை ஆதரிக்கிறது. எதிர்த்தரப்பு அதைக் கையில் வைத்திருக்கும். படித்துவிட்டுப் போங்கள். நல்ல பதில், 'வாங்குபவரைத் தேடி வரும் போலீஸும் முதலில் எங்களைத்தான் பிடிக்கிறது' என்று உங்கள் தாள்களிலிருந்து காட்டுவது.

போவது, பேசுவது

தொழிலாளர்களே போய்ப் பேச வேண்டும், வழக்கறிஞர் பின்னால் உட்காரட்டும். அதற்கு முதல் தடை பாஸ்போர்ட். வாடகை ஒப்பந்தம் இல்லாமை, போலீஸ் விசாரணை பற்றிய பயம், ஆதாரில் ஒரு பெயரும் வாக்காளர் அட்டையில் இன்னொரு பெயரும். இதைச் சரிசெய்யவே ஆறு மாதம் பிடிக்கும், ஆகவே முதல் மாதமே தொடங்குங்கள். சுவிஸ் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், அழைப்புக் கடிதம் எல்லாம் வேண்டும். கணக்கில் பணம் இல்லாதவருக்குச் செலவை ஏற்கும் அமைப்பின் உறுதிக் கடிதம் தெளிவாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால் 2020இல் திருத்தப்பட்ட எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி ஒரு அமைப்பு வாங்கியதை இன்னொன்றுக்குக் கைமாற்ற முடியாது. கணக்காளரிடம் முதலில் கேளுங்கள்.

நியூயார்க் கூட்டங்கள் வேறு கதை. கடந்த பத்து ஆண்டில் இத்தொழிலில் இருந்தவரா என்று அமெரிக்க விசாப் படிவமே கேட்கிறது, 'ஆம்' என்றால் விசா மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. பொய் எழுதச் சொல்லி யாரும் அறிவுரை தந்தால் கேட்காதீர்கள். 2012இல் வாஷிங்டனில் எய்ட்ஸ் மாநாடு நடந்தபோது உள்ளே போக முடியாத உலகத் தொழிலாளர்கள் கொல்கத்தாவில் கூடித் தங்கள் மாநாட்டை நடத்தினார்கள்.

ஜெனீவாவில் நுழைவு அட்டைக்கு முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும். 15ஆம் எண் டிராம் ஐ.நா. வளாகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவிடும், பார்வையாளர் நுழைவாயில் எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டலில் தங்கினால் ஊர்ப் போக்குவரத்து அட்டை இலவசமாகத் தருவார்கள். ஐ.நா. மொழிபெயர்ப்பு ஆறு மொழிகளுக்கு மட்டும். தமிழில் பேசினால் உங்கள் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லும் நேரமும் உங்கள் கணக்கில் போகும், இரண்டு நிமிடம் ஒரு நிமிடமாகும். வழி இருக்கிறது: முதல் இரண்டு வாக்கியம் தமிழில், பிறகு ஆங்கிலத்தில் ஒருவர் படிக்கட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் ஏறக்குறைய 250 சொல். செல்போன் கடிகாரம் வைத்துப் பத்து முறையாவது பழகுங்கள். வாழ்க்கைக் கதை சொல்லி அழவைப்பது அங்கே எடுபடாது, அடுத்த ஊர்க்காரரும் அழவைத்துவிட்டுத்தான் போயிருப்பார். ஒரு எண், ஒரு பிரிவு, ஒரு பரிந்துரை.

போக முடியாதவர்கள் நேரலையில் பார்க்கலாம். கோடையில் ஜெனீவா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. அரசுத் தரப்பின் பதிலைச் சொல்லுக்குச் சொல் குறித்துவைக்க ஒருவரை உட்காரவையுங்கள். திரும்பி வந்தவர்களை யாராவது மிரட்டினால், தேதியோடு ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு உடனே எழுதுங்கள். பழிவாங்கல்களுக்கென்று ஐ.நா. பொதுச்செயலாளர் ஆண்டுதோறும் தனி அறிக்கை வெளியிடுகிறார்.

ஊர் திரும்பிய பிறகு

ஐ.நா. பரிந்துரை எந்த ஸ்டேஷனையும் கட்டுப்படுத்தாது. ஆனால் நீதிமன்றங்கள் அதைப் படிக்கின்றன. 1997இல் விசாகா வழக்கில் வேலையிடத்தில் நடக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிகளை உச்ச நீதிமன்றம் சீடாவை ஆதாரமாக வைத்துத்தான் வகுத்தது. ஆகவே வந்த பத்தியைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரே தாளில் அச்சடித்து, டி.ஜி.பி. அலுவலகம், மாநில மகளிர் ஆணையம், மாநில மனித உரிமை ஆணையம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையம் என்று நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். மனித உரிமை ஆணையத்தில் தனிப் புகார் கொடுப்பதானால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

தாள் கொடுத்து மூன்று மாதம் கழித்து அதே பத்து ரூபாய் மனு: 'இன்ன தேதியில் பெற்ற இன்ன பரிந்துரையின்மேல் எடுத்த நடவடிக்கை என்ன?' 150 சொல்லுக்குள். 'நடவடிக்கை ஏதுமில்லை' என்று பதில் வந்தால் பத்திரமாக வையுங்கள், அடுத்த நிழல் அறிக்கையின் முதல் இணைப்பு அது.